ஒன்பது மணிக்கு அளந்த விறாந்தை

விறாந்தையை அடைக்க வேண்டும் என்று வருகிறவர்கள் பொதுவாக மூன்று காரணம் சொல்வார்கள்: மழைச் சாரல், தூசு, கள்ளன். நான் முப்பத்தொரு வருடம் அலுமினியமும் கண்ணாடியும் பொருத்தியவன். பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் அடைத்துவிட்டார் என்பதுதான் பெரும்பாலும் உண்மையான காரணம். அதை வாய்விட்டுக் கேட்கத் தேவையில்லை, வேலிக்கு மேலால் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் வேலை செய்த கடை காத்தான்குடியில் இருக்கிறது. இப்போது முதலாளியின் மகன் நடத்துகிறார். அளவெடுக்க ஆள் போவது குறைந்துவிட்டது. வாடிக்கையாளர் கைபேசியில் படம் பிடித்து அனுப்புகிறார், கணினி அதைப் பார்த்து அகலம் உயரம் சொல்கிறது. போன மாதம் அந்த மகன் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் பொருத்துநர்களுக்கு விறாந்தை அடைக்கும் முறையை எழுதித் தாருங்கள், ஒரு பக்கம் போதும் என்றார். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் அடங்காதது இது.

எனக்குச் சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி. கொழும்பில் இரண்டு வருடம் தொழில் பழகினேன். பிறகு கட்டாரில் ஐந்து வருடம் உயர்ந்த கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்தினேன். அங்கே யன்னல் என்பது திறப்பதற்கு அல்ல. வெளியே இருக்கிற சூடு வெளியேயே இருக்க வேண்டும், உள்ளே குளிராக்குவது இயந்திரத்தின் பாடு. ஊருக்குத் திரும்பியபோது எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. எனக்கு மூட மட்டும்தான் தெரியும் என்பது முதலாம் வருடமே வெளியே வந்துவிட்டது.

ஆரையம்பதியில் ஒரு முன்விறாந்தை. மூன்று பக்கம் கண்ணாடி போட்டு, தெற்குப் பக்கம் மட்டும் வாசலுக்கு என்று திறந்து விட்டேன். அடுத்த மழைக்காலத்தில் ஒரு புயல்காற்று அந்த வாசலால் உள்ளே போய், வெளியே வர வழி தேடி, கடைசியில் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. மூன்று தகரம் பக்கத்து வளவுக்குள் விழுந்தது. அந்த மனிதர் இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவதை ஆட்டுக் கொட்டிலுக்கு வைத்துக்கொண்டார். நான் போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான், கண்ணாடி உடைந்ததா என்று. இல்லை என்றேன்.

“அப்ப நம்மட வேல நல்லாத்தான் இரிக்கி,” என்றார். “வீட்டத்தான் காணல்ல.”

அவரை எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியான, உயரமான மனிதர். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு அணிந்து நான் கண்டதில்லை. யாரையும் ஏச மாட்டார். ஏசினால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிழை செய்தவனுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடிப்பார். தேத்தண்ணி முடிகிறபோது பிழை எது என்று நமக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் இன்னொரு தேத்தண்ணி வரும்.

அவர் அளவெடுக்கும் முறை இப்படி. காலையில் போக மாட்டார். மத்தியானத் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு, வெயில் உச்சியில் நிற்கிற நேரம் போவார். வீட்டுக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் கதிரை கேட்பார். அடைக்கப் போகிற விறாந்தையின் நடுவில் அதைப் போட்டு அரை மணித்தியாலம் சும்மா உட்காருவார். பேச மாட்டார், வீட்டுக்காரரையும் பேச விட மாட்டார். பிறகு எழுந்து என்னிடம் முதுகைக் காட்டுவார். சட்டை எவ்வளவு நனைந்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். தோளோடு நின்றால் ஒரு பக்கம் திறந்தால் போதும். இடுப்பு வரை வந்தால் இரண்டு பக்கம். அதுவரை அளவு நாடாவைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது.

எடுத்தால் ஒழுங்காக எடுக்க வேண்டும். எந்த மேசனும் நேரான தூண் கட்டியதில்லை. ஆகவே அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, சிறியதைப் பிடிக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காலும் இழுத்துப் பார்க்க வேண்டும். கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் போகத் துளை போட வேண்டும், அதுவும் வெளிப்பக்கமாக. வாடைக் காலத்தில் மழை மேலேயிருந்து விழாது, வடக்கேயிருந்து படுத்தபடி வரும். துளை இல்லாத சட்டம் ஒரு மணித்தியாலத்தில் வாய்க்கால் ஆகிவிடும். கடற்கரைப் பக்கம் என்றால் கறள் பிடிக்காத திருகாணி மட்டும்தான். இவை எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கின்றன.

நான் தனியாகப் போன நாளில், அளவோடு கடைக்குத் திரும்பினால் ஹாஜியார் முதலில் அளவைக் கேட்க மாட்டார். “ஆரு படுக்கிற?” என்று கேட்பார். விறாந்தை என்றால் எங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் அதில் படுப்பார். யாரும் இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னால், அவர்கள் வெட்கப்படுகிறார்கள் என்று பொருள். திரும்பிப் போய்க் கேட்டு வர வேண்டும்.

இனிச் செட்டிபாளையத்து வீட்டைச் சொல்கிறேன்.

வீட்டுக்காரி வசந்தி, பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் குகன், கட்டாரில் ஏசி திருத்துநர். வசந்தியின் தகப்பனார் சின்னத்தம்பி அரிசி ஆலையில் முப்பது வருடம் உமித்தூசுக்குள் நின்றவர், அதனால் இழுப்பு நோய். மனைவி இல்லை. ஆலைக் கூலியில் கல்லுக் கல்லாக வாங்கி அந்த வீட்டை அவரே கட்டி, ஒரே மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மருமகன் வந்து குடியேறுவார். அன்றிலிருந்து கட்டியவர் ஒவ்வொரு அறையாகப் பின்வாங்கி விறாந்தைக்கு வந்து சேருவார். அப்படி யாரும் அவருக்குச் சொல்வதில்லை. அவராகவே எடுத்துக்கொள்கிற மரியாதை அது. சின்னத்தம்பியரும் வடக்குப் பக்க விறாந்தையில் சாய்மனைக் கதிரையும் பாயுமாக இருந்தார். மருமகனோடு நேரே பேசுவதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், மகள் மருமகனிடம் சொல்வாள், பதிலும் அதே வழியால் வரும். பதினொரு வருடம் அப்படியே போயிருந்தது.

அந்த வீட்டுக்கு வேலைக்குக் கூப்பிட்டது குகன்தான், வீடியோ அழைப்பில். மாமாவுக்குத் தூசும் வாடைக் குளிரும் படக்கூடாது, விறாந்தையை மூன்று பக்கமும் கறுப்புக் கண்ணாடியால் அடைத்து, காற்றுக் கசியாமல் இறுக்கி, ஒரு ஏசி போட வேண்டும் என்றார். மேற்குப் பக்கம் தெருப் படலையைப் பார்த்த மாதிரி ஒரு இழுவைக் கதவு. ஒழுங்காகப் படம் கீறி அனுப்பினார். நல்ல மனிதர். கட்டாரில் வேலை செய்த இரண்டு பேர் பேசிக்கொண்டால் எப்படி இருக்கும், எனக்கும் அந்தப் படம் மிகவும் பிடித்துவிட்டது.

அந்த மாதம் ஹாஜியார் முழங்கால் சத்திரசிகிச்சை செய்து வீட்டில் படுத்திருந்தார். நான் தனியாகக் காலை ஒன்பது மணிக்குப் போனேன். பின்னேரம் வேறு வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெயிலில் குந்தியிருக்க விருப்பமில்லை. என்னைக் கண்டதும் சின்னத்தம்பியர் கதிரையைத் தூக்கிக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போய்விட்டார். நான் அவரிடம் போய், இப்படி அடைக்கிறோம், சரிதானே அண்ணன் என்று கேட்டேன்.

“மருமகன் சொன்னாச் சரிதானே தம்பி,” என்றார்.

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வேறு ஊர்க்காரன் அப்படி எடுத்தால் மன்னிக்கலாம். நானும் சீதன வீட்டுக்குப் போன மருமகன்தான். என் மாமனாரும் இதே வார்த்தையை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவர் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிற மனிதர் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இரவு ஹாஜியார் தொலைபேசியில் கேட்டார், ஆரு படுக்கிற என்று. மாமனார் என்றேன். லுஹருக்குப் பிறகு உள்ளே குந்திப் பார்த்தாயா என்று கேட்டார். ஓம் என்றேன். சட்டை? தோளோடு நின்றது, ஒரு பக்கம் கதவு இருக்கிறது என்றேன். ஒரு நாளும் குந்தாத கதிரைக்கு வியர்வை அளவும் சொன்னேன்.

நாலு நாளில் வேலை முடிந்தது. என் கையால் செய்ததில் அழகானது அதுதான். காற்றுக் கசியக் கூடாது என்பதால் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் நூலிடைதான் விட்டிருந்தேன். ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் ஓடியது.

இரண்டு கிழமை கழித்து வசந்தி அழைத்து, கதவு இறுகுகிறது என்றாள். காலையில் போனேன். கதவு வெண்ணெய் மாதிரி ஓடியது. திரும்ப ஒரு கிழமையில் அழைத்தாள். திரும்பவும் காலையில் போனேன், திரும்பவும் ஓடியது. இந்தத் தடவை கதவு இடுக்கில் ஒரு றப்பர்ச் செருப்புச் செருகியிருந்ததைக் கண்டேன். சின்னத்தம்பியருடையது. ஏசியின் குளிர் வீணாகிறது, கரண்ட் காசு ஏறும், இதை வைக்காதீர்கள் என்று விளக்கினேன். அவர் செருப்பை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டார்.

அது கச்சான் காலம். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வாவிக்கு மேலால் அடிக்கிற வறண்ட சூட்டுக் காற்றைத்தான் கச்சான் என்கிறோம். பின்னேர வெயில் மேற்குக் கதவில் நேரே விழும். கறுப்புக் கண்ணாடியும் கபில நிற அலுமினியமும் அந்த வெயிலைக் குடிக்கும். கதவு சூட்டில் நீளும், சுவருக்குள் இறுகியிருக்கிற சட்டம் அந்த அளவுக்கு நீளாது. நான் விட்ட நூலிடை ஒன்பது மணிக்குப் போதும். இரண்டு மணிக்குப் போதாது. இதை அறிய அந்த விறாந்தையில் இரண்டு மணிக்கு ஒருவன் இருந்திருக்க வேண்டும். சின்னத்தம்பியர் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் பெருங்காற்று ஒன்று அடித்து, எங்கேயோ மரம் முறிந்து கரண்ட் போனது. அதே காற்றில், இடுக்கில் செருப்பு இல்லாத கதவும் தானாக ஓடிச் சாத்தி இறுகிக்கொண்டது. வசந்தி பள்ளிக்கூடத்தில். வீட்டின் பெருங்கதவு பூட்டியிருந்தது, திறப்பு அவளோடு போயிருந்தது. விறாந்தை வெளியாக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான் பழக்கம். மருமகனின் வீட்டுக்குள் ஆளில்லாத நேரம் தான் நடமாடக் கூடாது என்று சின்னத்தம்பியரே பூட்டச் சொல்வார். விறாந்தை இப்போது வெளி இல்லை என்பது வசந்திக்கோ எனக்கோ யாருக்குமே உறைக்கவில்லை. நான் செய்து கொடுத்தது கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மூச்சு இழுக்கிற மனிதர் ஒருவர்.

கறுப்புக் கண்ணாடி என்பதால் வெளியிலிருந்து பார்த்தாலும் ஆள் தெரியாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறார். மீன்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையில் ஹோர்ன் அடித்தார். பதில் இல்லை. போகத் திரும்பியவருக்கு விரல் மொளியால் கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. மெதுவாக, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரித் தட்டினாராம். மீன்காரர் சட்டத்தில் காலை ஊன்றி இழுத்துத் திறந்தார். மீன்பெட்டியை வழியில் இறக்கிவிட்டு அவரைக் களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார்களாம்.

மூன்றாம் நாள் வசந்தி எனக்குச் சொன்னாள். ஓடிப் போனேன். அவர் வீட்டுக்கு வந்து முருங்கை மரத்தடியில் சாய்ந்திருந்தார். விறாந்தைக்குள் பார்த்தேன். அவருடைய பாய்க்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்தபடி ஒரு அலவாங்கு நின்றது. தென்னம்பிள்ளை நடுவதற்குக் கிடங்கு கிண்டுகிற, நாலடி உயர இரும்பு. ஒரு குத்துப் போதும். ஏன் அண்ணன் கண்ணாடியை உடைக்கவில்லை என்று கேட்டேன்.

“மருமகன்ட கண்ணாடி தம்பி,” என்றார்.

மருமகனுக்கு இது தெரியக் கூடாது, ஆசையாகச் செய்தவர், மனம் நோவார் என்றும் சொன்னார். வசந்தியிடம் ஏற்கெனவே சத்தியம் வாங்கியிருந்தார்.

அங்கிருந்து நேரே ஹாஜியாரின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், நான் குந்திப் பார்க்கவில்லை என்பதையும். தேத்தண்ணி வரவில்லை. ஊன்றுகோலை எடுத்துத் தரச் சொன்னார்.

அடுத்த நாள் லுஹருக்குப் பிறகு அவரைச் செட்டிபாளையத்துக்குக் கூட்டிப் போனேன். ஏசியை நிறுத்தச் சொன்னார். இரண்டு கதிரை போட்டு, என்னையும் பக்கத்தில் இருத்தி, கதவைச் சாத்தச் சொன்னார். வசந்தி வெளியே மணிக்கூட்டோடு நின்றாள். பத்தாம் நிமிடம் என் கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. இருபதாம் நிமிடம் எனக்குத் திறக்க வேண்டும் போல இருந்தது. அவர் அசையவில்லை. அரை மணித்தியாலம் முடிந்து, வசந்தியும் நானும் உள்ளும் புறமுமாக இழுத்துக் கதவைத் திறந்தோம். அவர் எழுந்து முதுகைக் காட்டினார். சட்டையில் காய்ந்த இடம் இல்லை. இந்தத் தடவை அளவு சொல்லச் சொல்லவில்லை.

நேரே முருங்கை மரத்தடிக்கு நடந்தார். சின்னத்தம்பியர் எழும்பப் பார்த்தார், கையால் அமர்த்திவிட்டுப் பக்கத்தில் இருந்தார். இந்த அடைப்பு நல்லதா, கூடாதா, சரியா, பிழையா, ஒன்றும் கேட்கவில்லை.

“அண்ணன், எந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்கிற?” என்றார்.

சின்னத்தம்பியர் யோசிக்காமல் கையை நீட்டினார், கடல் பக்கம், கிழக்கே. காத்து அங்கால வாற, இஞ்சால மேற்கால போற, அப்படிப் படுத்தால்தான் மூச்சு ஒழுங்காக வரும் என்றார். மழை எப்போதும் வடக்கால் மட்டும்தான் அடிக்கும், அந்தப் பக்கம் கண்ணாடி நல்லது என்றும் சொன்னார். ஒரு கேள்விக்கு முழுத் திட்டமும் வந்துவிட்டது. அவர் மருமகனைக் குறை சொல்லவும் இல்லை. தலை வைக்கிற பக்கத்தைச் சொல்வதில் யாருக்கும் மரியாதைக் குறைவு கிடையாது. அதன் பிறகு நான் வேலையில் இருந்த வருடங்களில் எந்த வீட்டிலும் “சரியா” என்று கேட்டதில்லை. தலை எந்தப் பக்கம் என்றுதான் கேட்டேன்.

வடக்கே கண்ணாடி இருக்கட்டும், கிழக்கு மேற்கு இரண்டையும் கழற்றி, காற்றுப் போக இடைவிட்டுச் சரித்து அடிக்கிற சரிபலகையும் நுளம்பு வலையும் போடுவது என்று முடிவானது. குகனுக்கு யார் சொல்வது என்பது மிச்சமிருந்தது. ஹாஜியார் தான் சொல்வதாகச் சொன்னார். நான் சொல்கிறேன் என்றேன். வசந்தி எங்கள் இருவரையும் பார்த்தாள்.

“வீடு என்ட பேரில இரிக்கி. நான் கதைக்கிறன்,” என்றாள்.

தகப்பனுக்குக் கொடுத்த சத்தியத்தை அவருக்கு முன்னாலேயே மீறி, வீடியோவில் எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள். அவர் வேலைத்தளத்தில் தலைக்கவசத்தோடு நின்றார். நான் கைபேசியை வாங்கி, ஒன்பது மணிக்கு அளந்ததையும் இடைவெளி விடாததையும் பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். இறுக்கச் சொன்னது நான்தானே அண்ணன் என்றார். பிறகு, அலவாங்கு பக்கத்தில் இருந்தும் மாமா ஏன் உடைக்கவில்லை என்று வசந்தியிடம் கேட்டார்.

வழக்கப்படி வசந்தி அதைத் தகப்பனிடம் கேட்டு, பதிலைக் கணவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவள் அப்படிச் செய்யவில்லை. கைபேசியைக் கொண்டுபோய்த் தகப்பனின் கையில் வைத்தாள்.

அவர் எழும்பி நின்றார். மடித்துக் கட்டியிருந்த சாரனை மரியாதைக்கு இறக்கிவிட்டார். கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டதால் மருமகன் பார்த்துக்கொண்டிருந்தது மாமனாரின் காதை.

“ஒடைச்சா நீங்க என்ன நினைப்பீங்களோ எண்டு இருந்திட்டன், மருமகன்,” என்றார்.

கைபேசியிலிருந்து குகனின் குரல் எங்களுக்கும் கேட்டது.

“மாமா, சுத்தியல் ஒண்டு எடுங்க. நான் பார்க்க ஒடைங்க.”

நான் குறுக்கிட்டேன். சட்டத்து றப்பரைக் கழற்றினால் கண்ணாடி முழுசாக வரும், நல்ல கண்ணாடி, வேறு வேலைக்கு எடுக்கலாம், வீணாக்கத் தேவையில்லை என்று விளக்கினேன். ஹாஜியார் என்னை வாயைப் பொத்தச் சொன்னார். அவரிடம் வேலை செய்த அத்தனை வருடத்தில் அவர் என்னை ஏசியது அது ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்த பாதுகாப்பையாவது செய்தேன். கிழக்குக் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் சாக்குக் கட்டினேன். என் சப்பாத்தை அவருக்குப் போட்டுவிட்டு, ஒரு துவாயால் முகத்தைச் சுற்றி, கண் மட்டும் தெரிய விட்டேன். சுத்தியலைக் கொடுத்தேன். வசந்தி கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

முதலாம் அடியில் ஒன்றும் நடக்கவில்லை. மீன்காரர் கேட்ட சத்தம் அதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது கொஞ்சம் கூட. மூன்றாவதை அவர் தோளிலிருந்து அடித்தார். சாக்குக்குள் கண்ணாடி முழுக்கச் சரிந்து விழுந்தது. நான் சாக்கை அவிழ்த்துக் கூட்டி ஒதுக்கினேன். கடல்காற்று உள்ளே வந்து, போக இடமில்லாமல் எங்கள் முகத்தில் நின்றது. வசந்தி சிரித்துக்கொண்டே அழுதாள், கைபேசி ஆடியது. சின்னத்தம்பியர் துவாயை முகத்திலிருந்து இறக்கி, இரண்டு மூன்று தடவை மூச்சை இழுத்து விட்டார். பிறகு சுத்தியலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, தானாகவே கைபேசியின் பக்கம் திரும்பினார்.

“மருமகன்,” என்றார், “மேற்காலயும் ஒண்டு இரிக்கி. அதையும் ஒடைக்கட்டா?”